உறிஞ்சு பள்ளம் வெட்டும் முன் மண்ணைச் சோதித்த விதம்

கூரைத் தண்ணீரும் சிமென்ட் தரையில் விழுகிற தண்ணீரும் எங்கள் மனையின் தாழ்ந்த பக்கத்தில்தான் வந்து சேரும். அதை வெளியே தள்ளாமல், அங்கேயே ஆழம் குறைந்த பள்ளத்தில் தேக்கி மண்ணுக்குள் இறக்கிவிட வேண்டும் என்பது திட்டம். பள்ளம் வெட்டுவது பெரிய காரியமில்லை, எவ்வளவு பெரிதாக வெட்டுவது என்பதுதான் கேள்வி. சின்னதாக இருந்தால் நல்ல மழையில் வழிந்து அஸ்திவாரப் பக்கம் திரும்பும். பெரிதாக இருந்தும் மண் மெதுவாகக் குடித்தால் நாள்கணக்கில் தேங்கிக் கொசு வளரும். கடைசியில் எல்லாமே ஒரே எண்ணில் போய் நிற்கிறது: அந்த இடத்து மண், அந்த ஆழத்தில், ஒரு மணி நேரத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் தண்ணீரை உள்ளே விடும்?

அந்த எண்ணைக் கண்டுபிடிக்கக் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றி, மட்டம் இறங்கும் வேகத்தைப் பார்ப்பதுதான் பெர்கொலேஷன் டெஸ்ட். செய்வது சுலபம். ஆனால் வருகிற எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டால் பள்ளம் தேவையானதில் நாலில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். இந்தப் பதிவை நான் எழுதுவதே அதற்காகத்தான். குழியில் மட்டம் இறங்கும் வேகம் வேறு, நிலம் தண்ணீரை உள்வாங்கும் வேகம் வேறு. ஒன்றிலிருந்து மற்றதற்கு எப்படிப் போவது என்பதைக் கணக்கோடு கீழே சொல்கிறேன்.

இடமும் ஆழமும்

முதலில் இடத்தைக் குறித்தேன். கட்டடத்திலிருந்து குறைந்தது 5 மீட்டராவது தள்ளி, கழிவுநீர்த் தொட்டியிலிருந்தும் கிணற்றிலிருந்தும் இன்னும் நன்றாக விலகி, தரை சாய்வு வீட்டை விட்டு வெளியே போகிற பக்கமாக. தரைக்கு அடியில் கேபிளோ குழாயோ போகிறதா என்பதை உறுதிப்படுத்திக்கொள்ளாமல் கடப்பாரையைக் கையில் எடுக்கக் கூடாது.

பள்ளத்தின் அடித்தளம் தரைமட்டத்திலிருந்து 60 செ.மீ. கீழே வரும்படி வரைந்திருந்தேன். அதனால் சோதனையும் அந்த 60 செ.மீ.க்குக் கீழேதான் நடக்க வேண்டும். பலர் மேல்மண்ணில் ஒரு சாண் குழி தோண்டி, தண்ணீர் மளமளவென்று உள்ளே போவதைப் பார்த்துவிட்டுத் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். மேல்மண்ணில் வேர் போன தடமும் மண்புழுத் துளையும் நிறைய. அந்த அடுக்கை வெட்டி எடுத்துவிட்டுத்தானே பள்ளம் வரப்போகிறது? தண்ணீர் சந்திக்கப்போவது அதற்குக் கீழே இருக்கும் மண்ணை. சோதிக்க வேண்டியதும் அதைத்தான்.

ஆகவே மூன்று இடங்களில், மேடான முனை, நடு, தாழ்ந்த முனை என்று, முதலில் அகலமாக 60 செ.மீ. வரை மண்வெட்டியால் வெட்டி இறங்கினேன். அந்தத் தளத்திலிருந்து கை ஆகரால் (கையால் திருகி மண்ணில் துளையிடும் கருவி) 20 செ.மீ. விட்டத்தில் இன்னும் 30 செ.மீ. ஆழத்துக்குச் சோதனைத் துளை. ஒரு துளை மட்டும் போட்டுவிட்டு அந்த மனை முழுவதற்கும் அதுதான் என்று முடிவு கட்டுவது சரிவராது. பத்தடி தள்ளினால் மண் மாறுகிற இடங்கள் எத்தனையோ உண்டு. என் மனையிலும் அப்படித்தான் ஆனது.

வெட்டி எடுத்த மண்ணைக் குவியலாகப் போடாமல், வந்த வரிசையில் ஒரு தார்ப்பாயில் பரப்பி வைத்தேன். எந்த ஆழத்தில் நிறம் மாறுகிறது, எங்கே பிசுபிசுப்பு கூடுகிறது என்பது அப்போதுதான் தெரியும். கையால் செய்யும் ரிப்பன் சோதனை இதற்கு நல்ல துணை. ஈரமண்ணை உருட்டி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அழுத்தி நாடாவாகத் தள்ள வேண்டும். 2.5 செ.மீ. வருவதற்குள் ஒடிந்தால் களி குறைவு. 5 செ.மீ.யைத் தாண்டியும் ஒடியாமல் தொங்கினால் நல்ல களிமண். மேடான முனையிலும் நடுவிலும் நாடா சீக்கிரமே ஒடிந்தது, விரலில் மணல் நறநறத்தது. தாழ்ந்த முனையில் 5 செ.மீ.க்கும் மேல் நீண்டு தொங்கியது. ஊற்றாத தண்ணீருக்கு மண் முன்கூட்டியே பதில் சொல்லிவிட்டது என்றே எனக்குப் பட்டது.

தாழ்ந்த முனையில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. 80 செ.மீ. ஆழத்துக்குப் பக்கத்தில் மண் சாம்பல் நிறமாகி, நடுநடுவே துருப்பிடித்த மாதிரி ஆரஞ்சுத் திட்டுகள். தண்ணீர் நெடுநாள் நின்று காற்றுப் புகாத மண்ணில் இரும்பு கரைந்து நகர்கிறது. மண் காயும்போது காற்று பட்டு அது துருவாகப் படிகிறது. இன்று குழி காய்ந்து கிடந்தாலும், மழைக்காலத்தில் நிலத்தடி நீர் அந்த மட்டம் வரை ஏறியிருக்கிறது என்பதற்கு இது சாட்சி. பள்ளத்தின் அடிக்கும் அந்த உச்ச நீர்மட்டத்துக்கும் இடையே 60 செ.மீ. முதல் 1.2 மீட்டர் வரை இடைவெளி வேண்டும் என்று பெரும்பாலான வழிகாட்டிகள் கேட்கின்றன. இங்கே வெறும் 20 செ.மீ.தான் இருந்தது. அந்த முனை பற்றிய சந்தேகம் இங்கேயே தொடங்கிவிட்டது. ஆனாலும் எண்ணும் தெரியட்டும் என்று சோதனையை விடவில்லை.

துளையின் சுவர்

ஈரப்பதமான மண்ணில் ஆகரைத் திருப்பித் திருப்பி இறக்கும்போது அதன் விளிம்பு சுவரைத் தேய்த்துக்கொண்டே போகும். டார்ச் அடித்துப் பார்த்தால் கரணையால் பூசி மெழுகிய சுவர் மாதிரி பளபளவென்று இருக்கும். அந்தப் பளபளப்பு கெட்ட செய்தி. மண்ணில் உள்ள நுண்துளைகளின் வாயெல்லாம் அடைபட்டுப் போயிருக்கிறது என்று அர்த்தம். அப்படியே தண்ணீர் ஊற்றினால் உண்மையை விடக் குறைவான எண் வரும்.

ஒரு பட்டைக் கட்டையில் சில ஆணிகளை அடித்து, முனைகள் வெளியே நீட்டியபடி, சுவரை மேலிருந்து கீழாக மெல்லக் கீறினேன். பளபளப்பு போய், மண்ணின் சொந்தச் சொரசொரப்பு தெரியும்வரை. உதிர்ந்த மண்ணை ஒன்றுவிடாமல் அள்ளி வெளியே போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் ஊற்றும் தண்ணீரில் கலங்கி அடியில் சேறாகப் படிந்து அடியை அடைத்துவிடும். பிறகு கழுவிய சிறு ஜல்லி 5 செ.மீ. உயரத்துக்குப் பரப்பினேன். ஊற்றும்போது அடிமண் அரிக்காமல் இருக்க அது போதும்.

என் துளைகளில் சுவர் தானாகவே நின்றது. மணல் அதிகமாக இருந்து சரிகிற இடத்தில், துளையிட்ட பிவிசி குழாயை உள்ளே இறக்கி அதைச் சுற்றி ஜல்லி நிரப்புவார்கள். அப்போது ஒன்றைக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஜல்லி இடத்தைப் பிடித்துக்கொள்வதால் கொஞ்சம் தண்ணீர் போனாலே மட்டம் அதிகமாக இறங்கும். அதற்குத் திருத்தம் போடாவிட்டால் எண் ஏறித் தெரியும்.

ஊறவைத்தல்

காய்ந்த மண் முதல் தண்ணீரை ஆசையாகக் குடிக்கும். நுண்துளைகள் தண்ணீரை இழுக்கும் விசை அப்போது மிக அதிகம். களி உள்ள மண்ணில் வெடிப்புகளும் இருக்கும், அதிலும் தண்ணீர் ஓடி ஒளியும். ஆனால் பள்ளத்துக்கு வேலை வருவது மழைக்காலத்தில், மண் ஏற்கனவே நனைந்து, களி உப்பி, வெடிப்பு மூடிக்கிடக்கும்போது. சோதனையும் அந்த நிலையில்தான் நடக்க வேண்டும்.

அதனால் துளைகளை நிரப்பி, மட்டம் குறையக் குறைய மேலே ஊற்றி, மாலை முழுவதும் ஊறவைத்து, இரவும் அப்படியே விட்டு, மறுநாள் காலையில்தான் அளக்கத் தொடங்கினேன். நல்ல மணலில் இவ்வளவு தேவைப்படாது. களி இருக்கிற மண்ணில் ஒரு இரவைச் சுருக்கினால் சோதனையே பொய்யாகிவிடும். உப்புவதற்குக் களிக்கு நேரம் வேண்டும், நாம் அவசரப்படுத்த முடியாது.

வெயிலில் கிடந்த டியூபில் முதலில் வருகிற சூடான தண்ணீரையும் வெளியே விட்டுவிட்டேன். தண்ணீர் குளிர்ந்தால் பிசுக்கம் கூடும். 20 டிகிரியில் இருப்பதைவிட 10 டிகிரியில் அதே மண்ணில் கால் பங்கு அளவுக்கு மெதுவாகவே ஊறும். சூடான தண்ணீரில் அளந்து வைத்துக்கொண்டு குளிர்ந்த மழையில் அதே வேகத்தை எதிர்பார்க்கக் கூடாது.

அளந்தது

துளையின் மேல் ஒரு நேரான மரச்சட்டத்தைக் குறுக்கே வைத்து, ரசமட்டம் பார்த்து, நகராமல் இரு பக்கமும் கல் வைத்தேன். சட்டத்தில் ஒரு இடத்தில் பென்சில் கோடு. எல்லா அளவும் அந்தக் கோட்டிலிருந்துதான்.

டேப்பை நேராகத் தண்ணீரில் இறக்கிப் படிப்பதில் சிக்கல் உண்டு. உள்ளே இருட்டு, தண்ணீர் பளபளக்கும், டேப்பின் ஓரத்தில் தண்ணீர் கொஞ்சம் ஏறி நிற்கும். 3 அல்லது 4 மி.மீ. தாராளமாகத் தவறும். களிமண்ணில் மொத்த இறக்கமே 10 மி.மீ. சுமாராக இருக்கும்போது அது பெரிய தவறு. ஒரு ஸ்டீல் ஸ்கேலின் நுனியில் மெல்லிய கம்பியை வளைத்து, முனை மேல்நோக்கிப் பார்க்கும்படி கொக்கியாகக் கட்டினேன். கொக்கியைத் தண்ணீருக்குள் மூழ்கவிட்டு, டார்ச்சைச் சாய்வாக அடித்தபடி மெல்ல மேலே தூக்க வேண்டும். கம்பியின் முனையும் தண்ணீரில் தெரியும் அதன் நிழலும் நெருங்கி நெருங்கி வந்து, தொடுகிற நொடியில் தண்ணீரின் தோலில் ஒரு சின்னப் புடைப்பு தெரியும். அங்கே ஸ்கேலைப் படித்தால் ஒரு மில்லிமீட்டருக்குள் அளவு நிற்கும். பழகிவிட்டால் சில நொடி வேலைதான்.

ஒவ்வொரு முறையும் துளையின் அடியிலிருந்து 20 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீரை நிரப்பி, 30 நிமிடம் கழித்து அளந்து, மறுபடி அதே 20 செ.மீ.க்கு நிரப்புவது. மீண்டும் நிரப்புவதை விட்டுவிடக் கூடாது. தண்ணீர் உயரம் குறைந்தால் சுவர்ப்பரப்பும் அழுத்தமும் குறையும், அடுத்தடுத்த அளவுகளை ஒப்பிட முடியாமல் போகும்.

நடுத் துளையில் இறக்கம் இப்படி வந்தது, மில்லிமீட்டரில்: 74, 61, 55, 52, 50, 49, 48, 48. இரவெல்லாம் ஊறிய பிறகும் முதல் அளவு 74. அங்கேயே நிறுத்தியிருந்தால் உண்மையை விட ஒன்றரை மடங்கு. எண் அசையாமல் நிற்கும்வரை ஊற்றிக்கொண்டே இருப்பதைத் தவிர வேறு வழியில்லை. மேடான முனையில் 60ல் நின்றது. தாழ்ந்த முனையில், நாடா நீண்டு தொங்கிய அதே மண்ணில், 12.

குழியின் எண்ணிலிருந்து நிலத்தின் எண்ணுக்கு

நடுத் துளையை எடுத்துக்கொள்வோம். 30 நிமிடத்தில் 48 மி.மீ., ஆக மணிக்கு 96 மி.மீ. பார்க்க அருமையான எண். ஆனால் தண்ணீர் எந்த வழியாகப் போனது?

துளையின் ஆரம் 10 செ.மீ. அடிப்பரப்பு சுமார் 314 சதுர செ.மீ. தண்ணீர் 20லிருந்து 15.2 செ.மீ.க்கு இறங்கியது, சராசரி உயரம் 17.6. அந்த உயரத்துக்கு நனைந்த சுவரின் பரப்பு 1,100 சதுர செ.மீ.க்குக் கொஞ்சம் மேல். அதாவது அடியைப் போல மூன்றரை மடங்கு பரப்பு பக்கவாட்டில் குடித்துக்கொண்டிருந்தது. விரிந்த பள்ளத்தில் கதையே வேறு. அங்கே ஏறக்குறைய எல்லாத் தண்ணீரும் அடி வழியாகத்தான் இறங்க வேண்டும், ஓரங்களின் பங்கு சொற்பம்.

இதைச் சரிசெய்ய போர்ஷே முறை என்று ஒன்று உண்டு, தலைகீழ் ஆகர் துளை முறை என்றும் சொல்வார்கள். கணக்கு எளிது. மணிக்கான இறக்கத்தை ஆரத்தால் பெருக்கி, ஆரத்தோடு சராசரி நீர் உயரத்தின் இரு மடங்கைக் கூட்டி வருவதால் வகுக்க வேண்டும். இங்கே 96 × 10 ÷ (10 + 35.2). வருவது மணிக்கு 21 மி.மீ. 96 எங்கே, 21 எங்கே!

இந்தக் குழப்பத்துக்கு ஒரு வரலாறும் உண்டு. இந்தச் சோதனை மழைநீருக்காகப் பிறந்ததே இல்லை. 1920களில் நியூயார்க் மாநிலத்தில் ஹென்றி ரையான் என்ற பொறியாளர் செப்டிக் டேங்க் கழிவுநீரை மண்ணில் விடுவதற்காக உருவாக்கியது. அங்கே இறக்க வேகத்தை நேரடியாகக் கழிவுநீரை விடும் நிலத்தின் பரப்போடு பொருத்தும் அட்டவணைகள் இருந்தன, சுவர்க் கசிவு அந்த அட்டவணைக்குள்ளேயே அடங்கிவிடும். அந்த எண்ணைத் தூக்கி வந்து மழைநீர்ப் பள்ளத்தின் கணக்கில் போடும்போதுதான் கோளாறு.

அதே கணக்கில் மேடான முனை மணிக்கு 27 மி.மீ., தாழ்ந்த முனை 5 மி.மீ. கூட இல்லை. உறிஞ்சு பள்ளத்துக்கு மணிக்கு சுமார் 13 மி.மீ.யாவது, அதாவது அரை அங்குலம், வேண்டும் என்பது பல வழிகாட்டிகளில் உள்ள அளவுகோல். சாம்பல் மண்ணும் துருத் திட்டும் சொன்னதையே எண்ணும் சொன்னது. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் சராசரி கிட்டத்தட்ட 18 என்று வந்து, எல்லாம் சரி என்பது போலத் தோன்றும். அது ஆபத்தான சராசரி. பள்ளத்தின் ஒரு பக்கம் வேகமாகக் குடிக்கும், மறுபக்கம் குளமாகவே கிடக்கும்.

தாழ்ந்த முனையை விட்டுவிட்டு, பள்ளத்தை மேட்டுப் பக்கமாக நகர்த்தினேன். கூரைத் தண்ணீரை அங்கே கொண்டுவரக் குழாயின் சாய்வைத் திருத்த வேண்டியிருந்தது, அந்தச் சிரமம் எவ்வளவோ மேல். புதிய எல்லையின் தாழ்ந்த ஓரத்தில் இன்னொரு துளை போட்டு, அதே முறையில் அளந்தேன். 42 மி.மீ.யில் நின்றது. திருத்தினால் மணிக்கு 18 மி.மீ. ஆகரால் 2 மீட்டர் வரை இறங்கியும் பார்த்தேன், சாம்பல் நிறமோ துருத் திட்டோ கண்ணில் படவில்லை.

பள்ளத்தின் அளவு

மூன்று நல்ல துளைகளில் மிகக் குறைந்தது 18. அதில் பாதி, 9, என்று வைத்துக்கொண்டேன். இரண்டால் வகுப்பது குறைந்தபட்சப் பாதுகாப்பு. சோதனை செய்தது தெளிந்த தண்ணீரில், பள்ளத்துக்கு வருவதோ கூரைத் தூசியும் இலைச் சருகும் வண்டலும் சுமந்த தண்ணீர். சில வருடத்தில் மேல்பரப்பு கொஞ்சம் அடைபடத்தான் செய்யும்.

நிரம்பிய பள்ளம் 48 மணி நேரத்துக்குள், போனால் போகிறது என்றால் 72க்குள், காலியாக வேண்டும். அடுத்த மழைக்கு இடம் வேண்டும், கொசு முட்டை முழுக் கொசுவாக வளரும் முன் தண்ணீர் போய்விடவும் வேண்டும். நீர் ஆழம் 30 செ.மீ. என்றால் 300 ÷ 9, ஏறக்குறைய 33 மணி. நல்ல இடைவெளி இருக்கிறது. திருத்தாத 96ஐ வைத்துப் பார்த்திருந்தால் மூன்றே மணி நேரத்தில் வடியும் என்று கணக்கு சொல்லியிருக்கும், நானும் பள்ளத்தை ஆழமாகவும் குறுகலாகவும் வெட்டத் துணிந்திருப்பேன்.

கூரை 120 சதுர மீட்டர், சிமென்ட் தரை 40. நான் எடுத்துக்கொண்ட மழை 40 மி.மீ. பத்தில் ஒரு பங்கு நனைவதிலும் ஆவியாவதிலும் போகட்டும் என்று விட்டால் சுமார் 5.8 கன மீட்டர். பள்ளத்தின் மேலேயே விழும் மழையை மறக்கக் கூடாது, அது இன்னும் முக்கால் கன மீட்டருக்கு மேல். ஆக மொத்தம் 6.6. அதை 30 செ.மீ. ஆழத்தால் வகுத்தால் 22 சதுர மீட்டர் அடிப்பரப்பு. ஓரங்களை மூன்றுக்கு ஒன்று சாய்வாக வெட்டியதால் மேலே கிடைத்த இடமும், மழை பெய்துகொண்டிருக்கும்போதே ஊறுவதும் கணக்கில் சேராத உபரி. அதையும் மீறி வருவதற்கு, 30 செ.மீ. உயரத்தில் கல் பதித்த ஒரு வழிந்தோடி.

வெட்டும்போது ஒரே ஒரு பிடிவாதம்: பள்ளத்தின் அடியில் யாரும் எந்த வண்டியையும் ஏற்றக் கூடாது. சக்கரம் ஒருமுறை அழுத்தினாலே சோதித்த மண் வேறு மண்ணாகிவிடும். இயந்திரம் வெளியே நின்றபடிதான் வெட்டியது, கடைசி அரை அடியைக் கையால். ஈரமாக இருந்த நாட்களில் வேலையை நிறுத்திவைத்தேன். முடிந்ததும் அடியைத் தோட்ட முள்கரண்டியால் கிளறிவிட்டு, சுற்றிலும் புல் பிடிக்கும்வரை மேட்டுமண் கரைந்து வராமல் தடுப்பு கட்டினேன்.

பள்ளத்தின் நடுவில் சென்டிமீட்டர் குறித்த ஒரு கம்பத்தை நட்டுவைத்திருக்கிறேன். முதல் பெரிய மழையில் 21 செ.மீ. வரை ஏறியது. மழை விட்ட பின் அவ்வப்போது படித்ததில் மணிக்கு 14 மி.மீ. சுமாராக இறங்கியது. அளந்த 18க்கும் கணக்கில் வைத்த 9க்கும் நடுவே. வருடத்தில் ஒரு நல்ல மழைக்காவது இதைப் படித்து எழுதிவைக்கப் போகிறேன். எண் 9ஐ நெருங்கினால், மண் காய்ந்ததும் மேலே படிந்த வண்டலை 2 செ.மீ. அளவுக்குச் சுரண்டி எடுத்து, அடியை மறுபடி கிளறிவிட வேண்டும்.